டர்போ வேண்டாம் என்றுதான் சொன்னேன்

என் தங்கையின் கணவன் குகனுடைய வலது கையைக் கெடுத்தவன் நான். தெரிந்தே கெடுத்தேன்.

இதை வாசிக்கிற நீங்கள் உடனே ஒரு கத்தியையோ பொல்லையோ கற்பனை செய்வீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. நான் அவனைத் தொடவில்லை. சம்பவம் நடந்தபோது பக்கத்தில்கூட இருக்கவில்லை. பொய்... பொய்யும் சொல்லவில்லை என்றுதான் நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றே ஒன்று சொன்னேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் கல்லடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "டர்போ வேணாமெண்டு அந்த மனுசன் முகத்துக்கு நேர சொன்னவர், குகன்தான் துள்ளினது" என்பார்கள். என் தங்கை வதனியும் அதையேதான் சொல்வாள். அத்தனை பேரும் எனக்குச் சாட்சி! குற்றம் செய்த எவனுக்கு இப்படி ஒரு சாட்சிக்கூட்டம் வாய்த்திருக்கிறது?

நான் மெக்கானிக். டீசல் இஞ்சின்தான் என் தொழில். சத்தத்தைக் கேட்டே உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நீங்கள் எனக்காக ஒரு சாக்குக் கண்டுபிடித்துவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மட்டக்களப்பில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைக்கு. அண்ணன் உழைத்துத் தங்கைக்கு வீடு கட்டுவான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவான். அண்ணன் தன் பெண்சாதியின் வீட்டுக்குப் போவான். இரண்டு வீட்டிலும் அவனுக்குச் சோறு உண்டு. தன்னுடையது என்று தட்டித் திறக்க ஒரு கதவுதான் இல்லை. இதில் எனக்குக் குறையும் இருக்கவில்லை. மத்திய கிழக்கில் லொறிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்த என் வருடங்கள்தான் வதனியின் வீட்டுக் கூரை. சந்தோஷமாகத்தான் அனுப்பினேன்.

ஊர் திரும்பியதும் அந்த வீட்டின் முன்வளவில், றோட்டோரமாக, தூண் நட்டுத் தகரம் போட்டு என் கராஜைத் தொடங்கினேன். "அதில போடு மகன், கண்ணுக்கு முன்னால இருப்பாய்" என்று சொன்னது அம்மா. எழுத்தில் ஒன்றும் இல்லை. தாயிடம் எழுதி வாங்குகிறவன் யார்?

அம்மா கண்ணை மூடினார். கொஞ்சக் காலத்தில் வதனியின் மகள் பெரியபிள்ளையானாள். சடங்கு. பந்தலுக்குள் சொந்தம் முழுக்கக் கூடியிருக்கிறது. நான் தாய்மாமன், புதுச் சட்டையோடு முன்னால் நிற்கிறேன். அப்போதுதான் குகன் சொன்னான்.

"மச்சான், வாற சனத்துக்கெல்லாம் ஒயில் மணக்குது. சடங்கு முடியக் கராஜ வேற எங்கயாவது கொண்டு போ. பொம்பிளைக்குக் குடுத்த வளவில ஆம்பிளைக்கு என்ன பங்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மச்சானை மச்சான் பகிடி பண்ணுவது எங்கள் ஊரில் உரிமை, அதற்குக் கோபிக்கிறவனைத்தான் ஊர் குறை சொல்லும். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். வதனியைப் பார்த்தேன். அவள் வெற்றிலைத் தட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

அவன் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் என்னை எரித்தது. வழக்கப்படி அது அவளுடைய வளவு. அநியாயமாக ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்து அன்றோடு மறந்திருப்பேன். நியாயத்தை வைத்து அடித்தானே... அதை எப்படி மறப்பது?

சடங்கு முடிந்த கிழமையே தகரத்தைக் கழற்றினேன். வாவிக்கரையோரம் ஒரு கொட்டிலை வாடகைக்கு எடுத்தேன். மாரி காலத்தில் வாவித் தண்ணீர் உள்ளே வரும். கணுக்கால் நனைய நின்று நட்டுக் கழற்றும்போதெல்லாம் பந்தலில் கேட்ட அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கும். ஒரு நாள் உனக்குத் தருவேன்டா என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். என்னத்தைத் தரப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அவனாகவே கொண்டுவந்து தந்தான்.

குகன் ஹயருக்கு வேன் ஓட்டுகிறவன். கரடியனாற்றுப் பக்கம் வயல்வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போவான், கோயிலுக்குச் சனம் கொண்டு போவான். அந்த வேன்தான் வீட்டுக்குச் சோறு. ஓடி ஓடி அதன் கிலோமீற்றர் முள்ளே களைத்து ஒரு இடத்தில் நின்றுவிட்டது. ஒரு பகல், வதனியையும் ஏற்றிக்கொண்டு என் கொட்டிலுக்கு வந்தான். பின்னால் நீலப் புகை. ஒயில் குடிக்கிறது, இழுவை இல்லை என்றான்.

"நீயே சொல்லு மச்சான். இஞ்சின இறக்கிச் செய்யிறதா, ஜப்பான் இஞ்சின் ஒண்டு வாங்கி மாத்திறதா, இல்லாட்டி இதுக்கே டர்போ ஒண்டு போடுறதா? ஓட்டமாவடி வேன் ஒண்டு டர்போ போட்டிரிக்கான், என்னைக் காத்து மாரிக் கடந்து போறான்."

வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது. புது வேன் என்ற பேச்சுக்கே இடமில்லை, பழையதை உயிரோடு வைத்திருப்பவன் கெட்டிக்காரன். ஆகவே அவன் கேட்டது சின்னக் கேள்வி அல்ல, அவன் வீட்டின் பிழைப்பையே என் கையில் வைத்துக் கேட்டான்.

முன் சீற்றைத் தூக்கினேன். அந்த வேனில் அதற்கு அடியில்தான் இஞ்சின். ஓடவிட்டபடியே ஒயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தேன். கொதிக்கிற கேத்தலைப் போலப் புகை தள்ளியது. அந்த ஒரு பார்வை போதும். சிலிண்டரும் ரிங்கும் தேய்ந்து, எரிகிற காற்று கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. இறக்கிச் செய்யலாம், சில கிழமை வேன் ஓடாது. மாற்றலாம், கொழும்பிலிருந்து இஞ்சின் வரும்வரை பொறுக்க வேண்டும், வாகனப் புத்தகத்தில் நம்பரையும் மாற்ற வேண்டும். இரண்டும் சரி. டர்போ மட்டும் கூடவே கூடாது. காற்றை அமுக்கி உள்ளே தள்ளி இழுவையைக் கூட்டுவதுதான் டர்போ, தேய்ந்த இஞ்சினுக்கு அதைப் போட்டால் உள்ளேயிருக்கிற ஒயில் காற்றுக் குழாய்க்குள் வரத் தொடங்கும். ஒரு நாள் இஞ்சின் டீசலை விட்டுவிட்டுத் தன் ஒயிலையே எரிக்கும். அப்போது சாவியைக் கழற்றினாலும் நிற்காது. வேகம் ஏறி ஏறி வெடிக்கும்வரை ஓடும்.

இதை அப்படியே சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன்.

குகன் ஒரு காலைத் தூக்கி என் சாமான் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு நின்றான். கொட்டிலைச் சுற்றிப் பார்த்தான். "நல்ல காத்து வருது என்ன மச்சான் இஞ்ச" என்றான்.

நான் ஒயில் மூடியை இறுக்கினேன்.

ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேண்டாம் என்று எதைச் சொன்னாலும் குகன் அதைத்தான் செய்வான். கலியாணத்தின் முதல் நாளிலிருந்து அப்படி. நான் கூரைக்கு ஓடு போடச் சொன்னால் அவன் தகரம் போடுவான். என்னிடம் தோற்கக் கூடாது என்ற வெறி அவனுக்கு. மச்சான்மாருக்குள் அது சாதாரணம் என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

"டர்போ உனக்கு வேணாம் மச்சான்" என்றேன், உரத்த குரலில், வதனிக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்கத்தக்கதாக. "மாடு மேய்க்கிற வேகத்தில போறவனுக்கு டர்போ என்னத்துக்கு? உன்னால பிடிக்க ஏலா. அதுக்கெல்லாம் ஓட்டமாவடிக்காரன் மாரி ஆள் வேணும்."

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். குகனின் முகம் கறுத்தது. நான் விரும்பியபடியே கறுத்தது!

"அண்ணன் வேணாமெண்டுறார். கேளுங்களன்" என்றாள் வதனி.

"உன்ட அண்ணன் எப்ப எனக்கு ஓமெண்டு சொன்னவர்? டர்போவே போடு மச்சான். நான் பிடிக்கிறனா இல்லையா எண்டு பாப்பம்."

பார்த்தீர்களா? வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை. எச்சரிக்கையை வெளியே வைத்து, காரணத்தை வாய்க்குள் விழுங்கினேன். இப்படி ஒரு பழிவாங்கலை எந்தப் பொலிசுக்காரன் எழுதி எடுப்பான்?

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். டர்போ நல்லது, குழாய்கள் நல்லவை, ஒரு நட்டுக்கூடத் தளர்வாக இல்லை. யாராவது பிரித்துப் பார்த்தாலும் என் வேலையில் குறை கண்டுபிடிக்க முடியாது. பூட்டும்போது எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அம்மா இறந்த பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் வேலை செய்ததில்லை.

வேன் பறந்தது. குகன் கொட்டிலைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்க ஹோர்ன் அடித்துவிட்டுப் போவான். வதனி ஒரு மண்முட்டி தயிர் கொண்டுவந்தாள். "கோவத்த விடுங்க அண்ணன். நீங்க செஞ்சு குடுத்தது நல்லா ஓடுது, இப்ப வீட்டில சிரிச்ச முகமா இரிக்கார்" என்றாள். அந்தத் தயிரை நான் சீனி போட்டு வழித்துச் சாப்பிட்டேன். என்ன மனுசன் நான்?... தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை.

அவன் கடந்து போகும்போது புகையின் நிறத்தைப் பார்ப்பேன். நாளுக்கு நாள் நீலம் கூடியது. ஒரு தடவையாவது நிறுத்திச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ நாள் இருந்தது. அந்த நாட்கள் எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. கோபத்தில் ஒரு கணம் தடுமாறினேன் என்று உங்களிடம் வந்து நிற்க எனக்கு உரிமையில்லை.

ஒரு காலை என் கைத்தொலைபேசி அடித்தது. குகன்.

பின்னால் இஞ்சின் கத்திக்கொண்டிருந்தது. அப்படி ஒரு கதறலை ஒரு மெக்கானிக் தன் ஆயுளில் ஒரு தடவை கேட்டாலே பெரிது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. வந்துவிட்டது!

"மச்சான், சாவியக் கழட்டிட்டன், நிக்குதில்ல. இன்னும் கூடுது மச்சான். வட்டைக்கு நடுவில நிக்கிறன், ஒருத்தரும் இல்ல. என்ன செய்ய, கெதியாச் சொல்லு."

ஆட்களைக் கரடியனாற்றில் இறக்கிவிட்டுத் தனியாக வந்திருக்கிறான். இரண்டு பக்கமும் வயல். சொல்ல வேண்டியது ஒரு வரி. மேல் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளச்சை விடு, இஞ்சின் திணறி நின்றுவிடும். அது வராவிட்டால் இன்னும் சின்ன வரி ஒன்று இருந்தது. வேனை விட்டுவிட்டு ஓடு. ஓடு என்ற ஒரு சொல்!

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஹலோ... ஹலோ... விளங்கல்ல மச்சான். லைன் சரியில்ல."

அவன் திரும்பவும் கத்திச் சொன்னான். ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. நான் திரும்பவும் அதையே சொன்னேன். சொல்லிவிட்டு, தொலைபேசியைக் காதோடு இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டேன். அந்தக் கதறல் எனக்கு இனித்தது. வேறு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. பங்கு என்ன என்று கேட்டாயே, இதோ என் பங்கு என்று நினைத்தேன். இஞ்சின் போகட்டும், வேன் போகட்டும், வாவிக்கரையில் நான் நின்ற மாதிரி நீயும் நில் என்று நினைத்தேன்.

அவன் கை என் நினைப்பில் வரவில்லை. இதை என் பக்கத்து நியாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்திருந்தால் சொல்லியிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு பெரிய சத்தம் கேட்டது. அழைப்பு துண்டானது.

பிறகு தெரிந்துகொண்டது இதுதான். வேன் இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்று அவன் ஓடவில்லை. காற்றை அடைத்தால் நிற்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான். சீற்றைத் தூக்கி, சாரத் துணியை உருட்டிக் கையில் சுற்றி, காற்றுப் போகும் குழாயின் வாயில் அமுக்கியிருக்கிறான். அமுக்கிக்கொண்டு நிற்கும்போதே இஞ்சின் வெடித்து, உடைந்த இரும்பும் கொதிக்கிற ஒயிலும் வெளியே வந்தன. உழவு மெசினில் வந்த ஒருவர் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

இரண்டு விரல்கள் போயின. மற்றவை வெந்து, ஆறி, மடங்காமல் விறைத்துவிட்டன. இனி அந்தக் கை ஸ்டியரிங்கைப் பிடிக்காது. சோற்றைப் பிசையாது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வதனி என் தோளில் விழுந்து அழுதாள். "நீங்க வேணாமெண்டுதானே சொன்னீங்க அண்ணன். உங்கட சொல்லைக் கேட்டிருந்தா எண்ட மனுசனுக்கு இப்பிடி வந்திருக்குமா?" அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். ஓம் தங்கச்சி, ஓம் என்று சொன்னேன். தடவிய என் கையை யாராவது வெட்டிப் போட்டிருக்கக் கூடாதா!

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த கிழமை, பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்னால் குகன் சொன்னான்.

"மச்சான், கராஜ வளவுக்கே கொண்டு வா. நான் அண்டைக்கிச் சொன்னது பிழை. உழைச்சவன் நீ."

எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அவனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்கள், எனக்கும் அப்படியே என்றார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறர் விஷயத்தில் எவ்வளவு சுலபமாக வந்த சொல்! இதில் வரவில்லை. போனேன். தூண் நட்டேன், தகரம் போட்டேன். வெட்கமில்லாமல் ஒன்றைச் சொல்கிறேன்: முதல் நாள் அந்த நிழலில் நின்றபோது வென்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது.

குகன் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு கராஜ் வாசலில் இருக்கத் தொடங்கினான். வேறு வேலை இல்லாத மனிதன், பொழுது போகட்டும் என்று நினைத்தேன். வருகிறவர்களிடம் விறைத்த கையைக் காட்டுவான். "மச்சான்ட சொல்லத் தட்டாதீங்க. நான் தட்டித்தான் இப்பிடி இரிக்கன்." ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு சொல்வான். என் தொழில் பெருகியது.

அண்மையில் ஒரு பகல். ஓட்டமாவடியிலிருந்து ஒரு தம்பி பழைய காரோடு வந்திருந்தார். மிகவும் ஓடிய கார். இஞ்சினைச் செய்வதா, மாற்றுவதா, டர்போ போடுவதா என்று கேட்டார். குகன் தன் வழக்கமான பேச்சைப் பேசினான். தம்பி காரை விட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் பிளேன்டீ குடிக்கப் போனார். நாங்கள் இருவர் மட்டும். நான் பொனட்டுக்குள் குனிந்திருந்தேன்.

"அண்டைக்கி லைன் நல்லாத்தான் இருந்திச்சி மச்சான்" என்றான் குகன்.

நான் நிமிரவில்லை.

"உன்ட கொட்டிலுக்குள்ள றேடியோ பாடிச்சி. மரண அறிவித்தல் வாசிச்சாங்க. செத்த மனுசிர பேர், எந்த ஊர், எத்தின மணிக்கு எடுக்கிற எண்டதெல்லாம் எனக்குக் கேட்டிச்சி. அந்த இரைச்சலுக்குள்ளயும் கேட்டிச்சி."

அன்று காலை றேடியோ ஓடியதா? எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. அவனுக்கு அந்தப் பெண்ணின் ஊர்கூட நினைவிருக்கிறது.

"வதனிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இல்ல. சொல்ல மாட்டன்."

"பின்ன என்னத்துக்கு என்னை வளவுக்குக் கூப்பிட்டாய்?"

இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் சரியாக வைத்துக்கொண்டான். கோபமே இல்லாமல் சொன்னான்.

"வேற எங்க வெச்சி உன்னப் பாக்க?"

தம்பி திரும்பி வந்தார். குகன் முகம் மலர்ந்து, "வாங்க தம்பி, மச்சான் பாத்திட்டார்" என்றான். நான் அந்தத் தம்பிக்கு ஏன் டர்போ கூடாது என்று காரணத்தோடு சொன்னேன். தேய்மானம், ஒயில், காற்றுக் குழாய், ஒன்றையும் விடாமல், அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். குகன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வதனியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவளுக்கு அண்ணனும் இல்லாமல் போவான் என்று நினைக்கிறேன். அல்லது அதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சாக்கா? அவன் சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை என்று சில நாள் இருக்கிறது. அவன் சொல்லமாட்டான். ஏசமாட்டான், அடிக்கமாட்டான், போ என்றும் சொல்லமாட்டான். இந்த வளவை விட்டு நானாகப் போகவும் முடியாது. ஏன் போகிறீர்கள் என்று வதனி கேட்பாளே, என்ன சொல்வேன்?

நாளைக் காலை நான் கராஜைத் திறக்கும்போது அவன் கதிரையில் இருப்பான். "வா மச்சான்" என்பான். நானும் "ஓம் மச்சான்" என்பேன்.